குஞ்சு எடுக்கும் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

கேள்வி: கீழக்கரை வாசகர், 2 பிப்ரவரி 2025

இரண்டரை அடி நீளத் தொட்டி, நூறு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும். மோலி, ஏஞ்சல் என்ற இரண்டு வகை வளர்ப்பு மீன்களை விட்டுக் குஞ்சு எடுக்க நினைக்கிறேன். மதுரைக் கடையில் மணிக்கு 1,000 லிட்டர் சுற்றும் பவர் ஃபில்டரைக் காட்டினார்கள். உறவினர் ஒருவர், தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி ஃபில்டரான கேனிஸ்டர்தான் சரி என்கிறார். வீட்டு போர் தண்ணீர் உப்பு. காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் புழங்குகிறோம். லிட்டர் கணக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். எதை வாங்குவது?

3 பிப்ரவரி

லிட்டர் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அழகுக்கு வைக்கும் தொட்டியில் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. குஞ்சு எடுக்கும் தொட்டியில் கேட்க வேண்டிய கேள்வி, உறிஞ்சும் வாயருகே ஒரு குஞ்சு வந்தால் அதற்கு என்ன ஆகும் என்பதுதான். மோலிக் குஞ்சு பிறக்கும்போதே ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும், பிறந்த கணமே நீந்தும். ஆனாலும் 1,000 லிட்டர் மோட்டாரின் இழுப்புக்கு எதிராக நூறு லிட்டர் தொட்டியில் அதனால் நிற்க முடியாது. ஏஞ்சல் குஞ்சு அதைவிட மிகச் சிறியது. நீந்தத் தொடங்கும் வாரத்தில் அது தண்ணீர் போகும் திசையில்தான் போகும்.

ஆகவே என் பதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏர் பம்ப்பில் ஓடும், குழாயின் நடுவே குமிழிகள் மேலேறத் தண்ணீரும் கூடவே ஏறும், அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமுள்ள தண்ணீர் ஸ்பாஞ்சின் முழுப் பரப்பின் வழியாகவும் மெதுவாக உள்ளே வரும். இழுப்பு ஒரே வாயில் குவியாமல் பரப்பு முழுவதும் பரவுவதால் குஞ்சு அதன்மேல் வந்து உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொள்வதில்லை.

இன்னொன்று, மோலியையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியில் விட வேண்டாம். மோலி கடினத் தண்ணீரிலும் சிறிது உப்பிலும் செழிக்கும். ஏஞ்சல் மென்தண்ணீர் மீன். அதோடு, பிறக்கும் மோலிக் குஞ்சு ஒவ்வொன்றும் ஏஞ்சலுக்கு இரையாகிவிடும். தொட்டியை நடுவில் தடுப்பதைவிட இரண்டாவதாக ஒரு சிறு தொட்டி வாங்குவது நல்லது. ஒரே ஏர் பம்ப்பில் இரண்டு குழாய் பிரித்து இரண்டு ஸ்பாஞ்சையும் ஓட்டலாம்.

4 பிப்ரவரி

நேற்று விட்டுப்போனது. ஸ்பாஞ்சு வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். துளை பெரிதாக, சொரசொரப்பாக இருப்பது தாய் மீன் தொட்டிக்கு, துளை நுண்ணியதாக இருப்பது குஞ்சுத் தொட்டிக்கு. நுண்ணிய ஸ்பாஞ்சு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். குஞ்சுத் தொட்டியில் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே. மேலேறும் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு தண்ணீர் ஏறும், எனவே குழாயின் வாய் நீர்மட்டத்தை எட்டும் அளவுக்கு இருக்கட்டும்.

9 பிப்ரவரி

கீழக்கரை நண்பர் மீண்டும் கேட்கிறார்: ஸ்பாஞ்சு வாங்கி மாட்டியாகிவிட்டது, இன்றே ஏஞ்சல் ஜோடியை விடலாமா? கூடாது. இதை நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரையில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கிறது.

புதிய ஸ்பாஞ்சு வெறும் நுரைத் துண்டு. மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேறிய பிறகுதான் அது ஃபில்டர். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இங்குள்ள வெப்பத்தில் சற்று முன்னதாகவும் முடியலாம், ஆனால் அதை நம்பிக் குஞ்சை விடக் கூடாது.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கிறது. அவற்றுள் ஒன்றுதான் செவுளின் வழியே உள்ளே புகுந்து மீனைக் கொல்வது. அந்த நச்சு வடிவத்தின் பங்கு பிஹெச்சையும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) வெப்பத்தையும் பொறுத்தது. 25 டிகிரியில் பிஹெச் 7 ஆக இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய அரை சதவீதம்தான் நச்சு வடிவம். அதே தண்ணீர் பிஹெச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். வெப்பம் 30 டிகிரி ஆனால் 7 சதவீதத்தையும் தாண்டும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. சித்திரை, வைகாசியில் தொட்டி 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. குளிர்ந்த, மென்தண்ணீர் ஊர்க்காரர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் அளவு அம்மோனியா இங்கே குஞ்சு முழுவதையும் ஒரே இரவில் அழித்துவிடும். வெளியூரில் எழுதப்படும் அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

வெப்பம் இன்னொரு வழியிலும் கெடுக்கிறது. 25 டிகிரி நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். மீனுக்கும் வேண்டும், பாக்டீரியாவுக்கும் வேண்டும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுவதுமாக மாற்றுவதற்குப் பாக்டீரியா நான்கரை கிராமுக்கும் மேல் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. ஸ்பாஞ்சு ஃபில்டர் சுத்தம் செய்துகொண்டே காற்றும் ஊட்டுகிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும்.

நம் தண்ணீரில் நல்லதும் உண்டு. கடினத் தண்ணீரில் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், நிறைய இருப்பதால் பாக்டீரியாவின் வேலையால் பிஹெச் சட்டென்று சரிவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. மோலிக்காரர்கள் போர் தண்ணீரை வெறுக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: குஞ்சுத் தொட்டிக்கான ஸ்பாஞ்சைக் குஞ்சு வருவதற்கு ஒரு மாதம் முன்பே தாய் மீன் தொட்டியில், அங்கே ஏற்கெனவே ஓடும் ஃபில்டரின் பக்கத்தில், மாட்டி ஓட விடுங்கள். குஞ்சு வரும்போது அதை அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ளலாம். எப்போதும் ஒரு ஸ்பாஞ்சு இப்படிக் காத்திருக்க வேண்டும்.

10 பிப்ரவரி

கழுவுவது பற்றி. காவிரிக் கூட்டுக் குடிநீர் குளோரின் கலந்து வருகிறது. ஸ்பாஞ்சை அந்தக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் ஒரு மாதமாக வளர்ந்த பாக்டீரியா போய்விடும். தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டில் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். முதல் பிழியலில் தண்ணீர் கருங்காப்பி நிறத்தில் வரும், இரண்டாவதில் வெளிறும், அத்துடன் நிறுத்திவிட வேண்டும். ஸ்பாஞ்சு பளிச்சென்று ஆகும்வரை பிழிபவர் புதிய ஸ்பாஞ்சு வாங்கியவர் நிலைக்கே திரும்பிவிடுகிறார்.

16 பிப்ரவரி

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: கரையில் ஒதுங்கும் பவளக்கல்லை உடைத்து ஃபில்டருக்குள் போட்டால் பாக்டீரியா தங்க இடமாகும், பிஹெச்சும் நிற்கும் என்கிறார்களே, போடலாமா?

வேண்டாம். பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலில் உடைத்ததா கரையில் பொறுக்கியதா என்ற வேறுபாடு உங்களைக் காப்பாற்றாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் எத்தனை காலம் வெட்டப்பட்டன என்பது நம் கரையில் முதியவர்களைக் கேட்டால் தெரியும். 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் சுலபத்தில் நிற்கவில்லை. மீன் வளர்ப்பவர்கள் அதைத் தொடரும் கடைசிக் கைகளாக இருக்கக் கூடாது.

அதே வேலையைச் சமையலறையில் மிஞ்சும் மட்டி ஓடு செய்யும். கொதிக்கவைத்து, சதை ஒட்டாமல் தேய்த்து, உடைத்து ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டி மூலையில் வையுங்கள். போர் தண்ணீர் தொட்டிக்கு அதுவும் தேவையில்லை.

2 மார்ச்

மின்சாரம். இந்தக் கோடையில் கேள்வி கேட்கும் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால் தனியாக எழுதுகிறேன்.

கேனிஸ்டர் மூடிய பெட்டி. மின்சாரம் நின்றால் உள்ளே தண்ணீர் நிற்கும், பாக்டீரியா மிச்சமுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும், சில மணி நேரத்தில் உள்ளே அழுகல் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும் அந்தத் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். பெரிய மீன் தப்பலாம், குஞ்சு தப்பாது. ஸ்பாஞ்சு தொட்டிக்குள்ளேயே திறந்த நிலையில் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. சிறிய ஏர் பம்ப் 3 முதல் 5 வாட் வரைதான் இழுக்கிறது; வீட்டு இன்வெர்ட்டரில் இரவு முழுவதும் ஓட்டினாலும் மின்விசிறிக்குக் குறை வராது. 2024 நவம்பரில் இராமேசுவரம் தீவில் பெருமழை கொட்டிய நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கி வைப்பார்கள்.

ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தாக வேண்டுமென்றால் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். இல்லையேல் மின்சாரம் நின்ற மறுகணம் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னால் இறங்கிப் பம்ப்புக்குள்ளும், அங்கிருந்து தரைக்கும், பிளக் பாயிண்ட்டுக்கும் போகும்.

கடல் காற்று பம்ப்பின் உள் உறுப்புகளையும் பிளக்கின் முனைகளையும் அரிக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் கடலுக்கு நேராக ஜன்னல் வைத்த வீடுகளில் பம்ப்பை அந்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

3 மார்ச்

பம்ப் இருக்கும் அறையில் கொசுவர்த்தியோ கொசு மருந்துத் திரவமோ வைக்கவே கூடாது. அவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு மனிதருக்குச் சிறிதாகத் தோன்றும் அளவிலேயே மீனைக் கொல்லும்; ஏர் பம்ப் அறையின் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. காலையில் குஞ்சுகள் எல்லாம் காரணமின்றி மிதந்தன என்று யாரேனும் சொன்னால், ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன் நான் முதலில் கேட்பது அந்த அறையில் இரவு என்ன எரிந்தது என்பதைத்தான். சாம்பிராணிப் புகைக்கும், புதிதாக அடித்த பெயிண்ட்டுக்கும் இதே எச்சரிக்கை.

15 மார்ச்

பிப்ரவரி 3 அன்று ஸ்பாஞ்ச் என்று ஒரே சொல்லில் சொன்னதை இன்று சற்று விரிக்க வேண்டியிருக்கிறது. குஞ்சுத் தொட்டியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில் மாற்றமில்லை. தாய் மீன் தொட்டி வேறு. முட்டையிடத் தயார் செய்யும் ஏஞ்சல் ஜோடிக்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை, புழுவும் இறால் துண்டுமாகக் கனத்த தீனி போடுகிறோம். ஒற்றை ஸ்பாஞ்சு அதைத் தாங்கத் திணறும். அங்கே இரண்டு பெரிய ஸ்பாஞ்சுகளை எதிரெதிர் மூலையில் வைக்கலாம். உறவினர் சொன்ன கேனிஸ்டருக்கும் அங்கே இடம் உண்டு, அதன் உறிஞ்சும் வாயில் ஒரு ஸ்பாஞ்சுக் கூட்டைச் செருகியிருந்தால். கடையில் ஏற்கெனவே பவர் ஃபில்டர் வாங்கிவிட்டவர்களும் அதே வழியில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நீர் வெளிவரும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வேகத்தைக் குறையுங்கள், முட்டை ஒட்டியிருக்கும் இலைமீதோ ஓட்டின்மீதோ நேராக அடிக்க விடாதீர்கள்.

ஏஞ்சலுக்காக ஆர்ஓ கேன் தண்ணீர் கலப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தண்ணீரில் காரத்தன்மை மிகக் குறைவு. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது பாக்டீரியா ஏழு கிராமுக்கும் மேல் காரத்தன்மையைக் கரைத்துவிடுகிறது. போர் தண்ணீரில் தெரியாத அந்த இழப்பு ஆர்ஓ தண்ணீரில் சில வாரத்திலேயே பிஹெச் சரிவாகத் தெரியும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்தும். போர் தண்ணீரையே ஒரு பங்கு கலந்துகொள்வது எளிய தீர்வு. மட்டி ஓட்டுப் பை இந்தத் தொட்டிக்குத்தான்.

16 மார்ச்

ஏஞ்சல் குஞ்சு நீந்தத் தொடங்கிய மூன்றாம் நாள் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஸ்பாஞ்சைப் பாருங்கள். குஞ்சுகள் அதன் பழுப்புப் பரப்பின்மேல் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கொத்துவதைக் காணலாம். பழகிய, அதாவது பாக்டீரியா குடியேறிய, ஸ்பாஞ்சின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. குஞ்சுத் தீனியான ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிற்றிறால் வகை) பொரிக்கத் தாமதமாகும் வேளையில் குஞ்சுக்கு அதுவே இரை. ஆர்ட்டீமியாவும் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் ஸ்பாஞ்சின் ஓரத்திலேயே திரளும். வேறெந்த ஃபில்டரும் தீனியைத் தின்றுவிடும். இது தீனியைக் குஞ்சுக்கு நிறுத்திவைக்கிறது.

30 மார்ச்

பரமக்குடியிலிருந்து ஃபைட்டர் மீன் பற்றிக் கேள்வி. ஆண் மீன் நுரைக்கூடு கட்டும் தொட்டியில் ஃபில்டர் வேண்டாம். குமிழி ஓட்டம் கூட்டைக் கலைத்துவிடும். முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, குஞ்சு கிடைமட்டமாக நீந்திய பிறகு ஆணை எடுத்துவிட்டு, பழகிய சிறு ஸ்பாஞ்சை வால்வால் ஒடுக்கி, நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி வரும்படி ஓட்டுங்கள். தொட்டியை மூடி வைக்க மறக்காதீர்கள். குஞ்சு மேற்பரப்புக் காற்றை மூச்சிழுக்கத் தொடங்கும் வாரங்களில் அந்தக் காற்று ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். கௌராமி மீனுக்கும் இதுவே.

20 ஏப்ரல்

மண்டபத்திலிருந்து ஒரு சகோதரி, கோமாளி மீன் ஜோடி வைத்திருப்பதாகவும் அது பானை ஓட்டில் முட்டையிட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மேலே சொன்னவற்றில் எது கடல்மீனுக்குப் பொருந்தும் என்று கேட்கிறார்.

பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-இல் அது கொச்சிக்குப் போன பிறகும் மண்டல மையம் இங்கே இயங்குகிறது, கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியும் அங்கே நடந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் சகோதரி அங்கே நேரில் போய்க் கேட்பதே மேல். என் அனுபவத்தில் தெரிந்ததை மட்டும் இங்கே வைக்கிறேன்.

ஜோடி இருக்கும் தொட்டிக்குப் பெரிய ஃபில்டர் வேண்டும். ஸ்பாஞ்சோடு, தண்ணீரில் கரைந்த கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மரும் இருந்தால் நல்லது. அது கடல்நீரில்தான் வேலை செய்யும். கடல்நீரில் பாக்டீரியா குடியேறுவதற்கு நன்னீரைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். வெதுவெதுப்பான கடல்நீர் நன்னீரைவிடக் குறைவாகவே ஆக்சிஜனைத் தாங்கும் என்பதால் காற்றூட்டலில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

குஞ்சுத் தொட்டி இதற்கு நேர்மாறு. முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில், விளக்கணைத்து இருட்டிய சிறிது நேரத்துக்குள் பொரியும். வெளிவரும் குஞ்சு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். கண்ணாடிச் சில்லு போல ஒளி ஊடுருவும் உடல், அதில் கண் மட்டும் தெரியும். அதற்கு இரை ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிர், அந்த ரோட்டிஃபருக்கு இரை பச்சைத் தண்ணீரில் உள்ள பாசி. ஃபில்டர் வைத்தால் பாசியும் போகும், ரோட்டிஃபரும் போகும். ஆகவே முதல் பத்துப் பதினைந்து நாள் ஃபில்டர் இல்லை. ஒரு மெல்லிய குமிழி ஓட்டம் மட்டும் போதும். அடியில் தங்கும் கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, அந்த அளவுக்குத் தாய்த்தொட்டித் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். குஞ்சின் உடலில் வெள்ளைப் பட்டை தெரிந்து, அது அடியை நோக்கி இறங்கத் தொடங்கிய பின் பழகிய ஸ்பாஞ்சை உள்ளே விடலாம்.

கோமாளி மீனைக் கடலில் பிடித்து வளர்க்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொரிப்பகத்தில் பிறந்த ஜோடி தொட்டிக்கும் பழகும், தீனிக்கும் பழகும்.

21 ஏப்ரல்

கடல்நீர் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஃபில்டர் எவ்வளவு நல்லதானாலும் கலங்கல் நீரை அது குஞ்சுக்கு ஏற்ற நீராக்காது. மண்டபத்துக்காரர்களுக்கு இரு பக்கமும் கடல் இருப்பது பெரும் வசதி. வாடைக் காற்றில் வடகடல் கலங்கும்போது தென்கடலில் எடுக்கலாம்; கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் புரளும்போது வடகடலில் எடுக்கலாம். மழைக்குப் பின் உப்பளவை அளக்காமல் எடுக்க வேண்டாம். பூங்கோரை என்னும் நுண்ணுயிர்ப் பெருக்கம் படர்ந்து கடல் பச்சையாகத் தெரியும் நாட்களில் ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் அப்படிப் படர்ந்தபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும்.

எடுத்த நீரை இருட்டில் சில நாள் தெளியவைத்து, பிறகு துணிப்பையில் வடித்துத் தொட்டிக்கு விடுங்கள்.

11 மே

கீழக்கரை நண்பரின் மோலி குட்டி போட்டுவிட்டது. ஏஞ்சல் முட்டையைத் தின்றுவிட்டதாம்; முதல் ஒன்றிரண்டு முறை அது இயல்பு, ஃபில்டரை மாற்ற வேண்டியதில்லை. காத்திருப்பு ஸ்பாஞ்சு தயாராகிவிட்டதா என்று எப்படி அறிவது என்பது அவருடைய இப்போதைய கேள்வி.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; பழுப்பு நிறம் வெறும் அழுக்காகவும் இருக்கலாம். அந்த ஸ்பாஞ்சை மட்டும் ஒரு பக்கெட் பழைய தண்ணீரில் ஓடவிட்டு, வழக்கமான தீனியில் ஒரு சிட்டிகை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதித்துப் பாருங்கள். தீனி கரைந்து அழுகிய பின்னும் இரண்டும் பூச்சியத்தில் நின்றால் ஸ்பாஞ்சு தயார். அம்மோனியா இல்லாமல் நைட்ரைட் மட்டும் தெரிந்தால் இன்னும் ஓரிரு வாரம் தாய்த்தொட்டியில் இருக்கட்டும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்து போன தொட்டியின் ஸ்பாஞ்சை மட்டும் குஞ்சுத் தொட்டிக்கு எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி முதலிலிருந்து பழக்குங்கள்.